மூன்று தட்டு, ஒரு ஆமென்

போன மாதம் எங்கள் பங்குக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடியில், ஏழாவது மாடி வீடொன்றில் நடந்தது. செபமாலை முடிந்து சுண்டல் கொடுக்கும்போது பேச்சு வேலைப் பக்கம் திரும்பியது. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். திருநெல்வேலி, திருச்சி என்று எங்கெங்கிருந்தோ வந்து கடனில் வீடு வாங்கியவர்கள். ஒரு தம்பி தன் மேனேஜரைப் பற்றிச் சொல்லும்போது சுண்டல் தட்டைத் தள்ளி வைத்தார். "லேப்டாப்பைத் தூக்கி அந்த ஆள் மூஞ்சில எறிஞ்சிட்டு வந்துடலாம்னு இருக்கு" என்றார்.

வீட்டுக்காரப் பெண் என்னைக் காட்டினார். "சூசை அங்கிளைக் கேளுங்க. முப்பத்தி நாலு வருஷம் ஒரே கம்பெனி. ஒரு நாளும் யார்கிட்டயும் கத்தினதே இல்லையாம். எல்லாம் செபம்தானாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்படி இல்லம்மா" என்றேன். அப்படியென்றால் பங்கு இதழுக்கு எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பிறகு பொறுமையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்யும் கம்பெனி. ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்க நீராவி வேண்டும். அந்த நீராவியைக் காய்ச்சிக் கொடுப்பது பாய்லர். முதலில் விறகு தள்ளும் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஆறு வருஷம் தள்ளினேன். பிறகு பரீட்சை எழுதி இரண்டாம் கிளாஸ் சர்டிபிகேட் வாங்கினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. புகை, வியர்வை, பயம்.

பயம் என்றது சும்மா இல்லை. பாய்லர் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஆபரேட்டரின் உயிர் அந்தக் கண்ணாடியில். ஷிப்டுக்கு வந்ததும் அதன் வடிகுழாயைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தண்ணீர் சட்டென்று ஏறினால் வழி சுத்தம். சோம்பேறித்தனமாக ஏறினால் எங்கேயோ அடைப்பு, கண்ணாடி பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு வேலை ப்ளோடவுன். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க உப்பும் சேறும் பாய்லரின் அடியில் தங்கும். தினமும் ஒருமுறை அடி வால்வைத் திறந்து அதை வெளியே அடித்துத் தள்ள வேண்டும். உள்ளே இருக்கிற அழுத்தத்தில் அது தண்ணீராக வராது. வெள்ளைப் பூதம் மாதிரி வரும். எங்கள் பாய்லர் அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டி, அதற்குள் போய் விழும். வால்வு சுவருக்கு இந்தப் பக்கம். திறக்கிறவனுக்குத் தொட்டி தெரியாது. அதனால் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. காலை பத்து மணிக்கு, திறப்பதற்கு முன்னால் ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டு தட்ட வேண்டும். முப்பது விநாடி நிற்க வேண்டும். பிறகுதான் திறக்க வேண்டும்.

என்னிடம் வாட்ச் கிடையாது, சூட்டில் நிற்காது. கர்த்தர் கற்பித்த செபத்தை நிறுத்தி நிதானமாகச் சொன்னால் சரியாக முப்பது விநாடி வரும். அதனால் மூன்று தட்டு தட்டிவிட்டு, வால்வுச் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு, அந்தச் செபத்தை வாய்விட்டுச் சொல்வேன். ஆமென் என்பதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி உரக்கச் சொல்வேன். பிறகு திறப்பேன்.

அந்தப் பக்கம் ஆள் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் இருப்பார்கள். நீராவி ஆறி வடியும் வெந்நீர்க் குழாய் அங்கேதான் இருந்தது. ரப்பர் பிசுக்கு பிடித்த மாப் துணி பச்சைத் தண்ணீரில் போகாது. துப்புரவு வேலைக்குக் காண்டிராக்டில் வந்த பெண்கள் அங்கே வந்துதான் அலசுவார்கள். எல்லோருக்கும் தெரியும், மேனேஜர் உள்பட.

அவர்களில் மல்லிகா என்று ஒருத்தி. வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வருவாள். நாற்பது வயது இருக்கும். எங்கள் சாமி அவளுக்குச் சாமி இல்லை, ஆனால் என் செபம் அவளுக்கு மனப்பாடம். நான் இந்தப் பக்கம் ஆமென் சொன்னதும் அவள் தள்ளிப் போய் நின்றுகொண்டு, அந்தப் பக்கமிருந்து அதைவிடப் பெரிதாக "ஆமென்!" என்று கூவுவாள். கேலிதான். ஆனால் நாள் போகப்போக அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. என் ஆமென் என்றால் திறக்கப்போகிறேன். அவள் ஆமென் என்றால் நான் தள்ளி நிற்கிறேன், திற. அவள் குரல் வந்த பிறகே சக்கரத்தைத் திருப்புவேன். அவள் அங்கே இல்லாத நாளில் வேறு யாராவது "ஆளில்லண்ணே" என்பார்கள், அல்லது நான் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். இது எந்தக் காகிதத்திலும் இல்லாத விதி.

"இன்னாண்ணே, இன்னிக்கி உன் சாமி மெதுவா வர்றாரு? ஸ்ட்ரைக்கா?" என்பாள் சில நாள்.

"நீ தள்ளி நில்லு மல்லிகா. சாமிய வம்புக்கு இழுக்காத."

"தள்ளித்தான் கீறேன். நீ தொற."

இனி எங்கள் மேனேஜரைப் பற்றி. ராகவன் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. நாம் என்ன சொன்னாலும் முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். தண்ணீர் சரியாக இருக்கிறது சார். அப்படியா? பம்பு நேற்றே பார்த்தாயிற்று சார். அப்படியா? மூன்றாவது அப்படியாவில் நமக்கே சந்தேகம் வந்துவிடும், போய்த் திரும்பப் பார்ப்போம். லாக் புக்கில் நாம் எழுதியதைச் சிவப்பில் வட்டம் போடுவார். எதற்கு என்று சொல்லமாட்டார். தொட்டியின் மேல்தகடு ஒரு பக்கம் துருப்பிடித்து உடைந்திருக்கிறது, நீராவி பக்கவாட்டில் சீறுகிறது, மாற்ற வேண்டும் என்று நான் இரண்டு முறை எழுதினேன். இரண்டையும் வட்டம் போட்டார். தகடு மாறவில்லை.

நான் சேர்ந்த இருபத்து மூன்றாம் வருஷம் பாய்லர் போர்மேன் இடம் காலியானது. முதல் கிளாஸ் சர்டிபிகேட்டும் அதற்குள் வாங்கியிருந்தேன். மனைவி ஸ்டெல்லா வில்லிவாக்கம் கோயிலில் ஒன்பது வாரம் நவநாள் செபம் பிடித்தாள். அந்த இடம் எனக்குத்தான் என்று பாய்லர் அறையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த நாள் காலை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், டீ வந்த நேரம். ராகவன் சார் ஒரு டிப்ளமோ படித்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவர்தான் புது போர்மேன். இனிமே இவர்கிட்ட ரிப்போர்ட் பண்ணுங்க" என்றார். நான் சரி சார் என்றேன். அதோடு போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சுவரில் மாட்டியிருந்த விதிமுறை அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்தது.

"இவருக்கு ப்ரொசீஜர் தெரியணும். படிங்க சூசை."

ஐந்தாறு பேர் டீ கிளாசோடு நின்றிருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டாவது வரியில் ஒரு நீள வார்த்தை வந்தது. அதில் மாட்டிக்கொண்டேன். மூன்று முறை முயன்றேன்.

"சரி விடுங்க. முப்பது செகண்ட்னு போட்டிருக்கு இல்ல? எப்படிப் பார்க்கறீங்க? கையில வாட்ச் காணோமே."

"செபம் சொல்லுவேன் சார். சரியா அரை நிமிஷம் வரும்."

"அப்படியா?" என்றார். கொஞ்சம் விட்டு, "உங்க சாமி வாட்ச் கட்டியிருக்காரா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் பங்கு போட்டுச் சாப்பிடுகிற ஃபிட்டரும் சிரித்தான். "சாமி கும்பிடறத கோயிலோட வெச்சுக்குங்க. போங்க, பத்தாச்சு" என்றார்.

நான் போய் ஸ்பேனரை எடுத்தேன். மூன்று தட்டு தட்டினேன். அவர்கள் எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். செபத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. மனசுக்குள் சொன்னேன். சொன்னேன் என்றுதான் அன்று மேனேஜரிடமும் சொன்னேன். உண்மையை எழுதுகிறேன்: முதல் வரியைத்தான் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே நான் ராகவன் சாரோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலெல்லாம் பல்லுக்கு நடுவில் ஓடியது. கடவுளிடம் பேசவேண்டிய இடத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. பத்து இருக்கலாம். ஆமென் சொல்லவில்லை. அவள் ஆமெனுக்கும் காத்திருக்கவில்லை. சக்கரத்தை அந்த மனுஷனின் கழுத்தைத் திருகுவது போலத் திருகினேன்.

சத்தம் வந்தது. நீராவியின் சத்தத்துக்கு மேலே வந்தது.

மூடிவிட்டு ஓடினேன். தகடு உடைந்திருந்த பக்கம் மல்லிகா விழுந்து கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே. அதை நான் எழுதப் போவதில்லை. சேலையை யாரும் இழுக்காதீர்கள் என்று கத்தினேன், வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொன்னாள். கம்பெனி வேனில் ஏற்றினார்கள்.

அன்று மாலை ராகவன் சார் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அத்தனை வருஷத்தில் முதல்முறை. டீயும் வந்தது.

"மூணு தட்டு தட்டினீங்களா?"

"தட்டினேன் சார்."

"முப்பது செகண்ட்?"

"செபம் சொன்னேன் சார்."

அப்படியா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எழுதிக்கொண்டார். "அங்க போகக்கூடாதுன்னு போர்டு இருக்கு. மீறிப் போயிருக்கா. நம்ம மேல தப்பு இல்ல சூசை" என்றார்.

நம்ம. அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அது காதில் விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அதனால் என்ன ஆகும் என்று தெரியாமல் போடவில்லை. தப்பு அவளுடையது என்று ஆகிவிட்டால் கம்பெனி அவளைப் பார்க்காது. காண்டிராக்டர் அவளைக் கழித்துவிடுவான். தெரிந்தேதான் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெல்லாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தீக்காய வார்டில் கால்களுக்கு மேலே கம்பி வளைவு வைத்து, துணி போர்த்தியிருந்தார்கள். அவளுடைய அக்கா பக்கத்தில் இருந்தாள். காண்டிராக்டர் வந்து மல்லிகாவின் கேட் பாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அக்கா சொன்னாள்.

"போர்டு கீதாம்ணே" என்றாள் மல்லிகா. "இங்கிலீஷ்ல கீது. நான் இன்னாத்த கண்டேன்?"

ஸ்டெல்லா கொண்டுபோன முட்டையை உரித்துக் கொடுத்தாள். மல்லிகா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி ஒனக்கு ஒடம்பு சரியில்லயாண்ணே?"

"ஏன்?"

"மூணு தட்டு கேட்டுச்சு. இன்னும் ஆமென் வர்லியே, டைம் கீதுன்னு மாப்ப புழிஞ்சிகினு நின்னேன்."

அவள் குற்றம் சொல்லவில்லை. எனக்கு உடம்புக்கு என்னவோ என்று விசாரித்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மாலையில் ஒவ்வொரு பத்து பாசிமணிக்கும் முன்னால் வரும் அந்தச் செபத்தில் நின்றுவிடுவேன். பிறரை மன்னிப்பது போல என்னை மன்னியும் என்று கேட்கும் இடம் வரும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் நான் ராகவன் சாரைத்தான் கடவுள் முன்னால் நிறுத்திப் பார்த்தேன். தகட்டை மாற்றாதவர் அவர். என்னைக் கேலி செய்தவர் அவர். அவர் எல்லோரையும் சிரிக்கவைத்ததால்தானே என் வாய் மூடியது? எல்லாம் உண்மை. ஆனால் சக்கரத்தில் இருந்த கை அவருடையது இல்லை. அவருக்கு அந்த ஆமென் வழக்கம் தெரியாது. எனக்குத் தெரியும். நான்காம் நாள் ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது இது தெளிவானது. சமாதானமாக இருந்தது என்று எழுத ஆசை. வந்த ரயிலில் ஏறாமல் விட்டேன்.

முதலில் ராகவன் சாரிடம் போய்ச் சொன்னேன். "ரிப்போர்ட் போயாச்சு. வேலையைப் பாருங்க" என்றார். அன்று லாக் புக்கை எடுத்தேன். பாய்லர் லாக் புக்கில் பக்கத்துக்குப் பக்கம் எண் இருக்கும், கிழிக்க முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து அதைப் புரட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதில் தமிழில் எழுதினேன். அன்று முப்பது விநாடி நிற்கவில்லை. குரல் கொடுக்கவில்லை. பதில் குரலுக்கும் காத்திருக்கவில்லை. தகடு பற்றி இரண்டு முறை எழுதியும் மாற்றவில்லை. அந்தப் பெண்மீது தப்பில்லை. இப்படிக்கு சூசை.

ராகவன் சார் அதை நின்றுகொண்டே படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். வட்டம் போடவில்லை. திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு மெமோ வந்தது. ஒரு மாதம் சஸ்பெண்ட் ஆனேன். இனி என்றாவது போர்மேன் ஆகும் பேச்சும் அதோடு முடிந்தது. கம்பெனி தன் ரிப்போர்ட்டை மாற்ற வேண்டி வந்தது. தகட்டை மாற்றினார்கள், வெந்நீர்க் குழாயை வேறு பக்கம் கொண்டுபோனார்கள். மல்லிகாவுக்குத் தோல் ஒட்டும் ஆபரேஷன் இரண்டு நடந்தது. எட்டு மாதம் கழித்து அவளைக் கேட்டில் உட்காரவைத்தார்கள், வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைப் பார்க்கிற வேலைக்கு. இடது பாதம் பழையபடி மடங்கவில்லை.

அவளிடமும் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, மறுபடி தனியாகப் போய், ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போண்ணே" என்றாள். போனேன்.

அன்றுமுதல் நான் மாறிவிட்டேன் என்று கம்பெனியில் சொன்னார்கள். ராகவன் சார் என்ன சொன்னாலும் சரி சார். யார் கேலி செய்தாலும் சரிப்பா. சூசைக்கு ஞானம் வந்துவிட்டது என்றார்கள். அது ஞானம் இல்லை, பயம். கோபம் வரும்போதெல்லாம் என் கை அந்தச் சக்கரத்தில் இருப்பது போலவே இருக்கும். ப்ளோடவுனுக்கு முன்னால் சுவரைச் சுற்றிப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்று தட்டு தட்டுவேன். ஒரு செபத்தோடு விடமாட்டேன். அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ், அதன்பின் மல்லிகாவுக்காக ஒரு மன்றாட்டு. எல்லாம் வாய்விட்டு, நிதானமாக. மூன்று நிமிஷம் ஆகும். புது போர்மேன் ஒன்றும் சொல்லவில்லை. அதை என் பரிகாரமாக வைத்துக்கொண்டேன். கடவுள் அதை ஏற்றுக்கொள்கிறார் என்றும் நம்பினேன். பதினோரு வருஷம்.

ஓய்வு பெறுவதற்கு முதல் நாள் கேட்டுக்குப் போனேன். எங்கள் பாய்லரைக் கழற்றிவிட்டுப் புதிது வைக்கப்போவது அப்போதே முடிவாகிவிட்டது. புதியதில் வால்வு தானாகத் திறக்கும், சைரன் அடிக்கும். நாற்காலியில் மல்லிகா இருந்தாள், பக்கத்தில் கைத்தடி. இத்தனை வருஷமும் போகும்போது வரும்போது "இன்னாண்ணே", "சாப்ட்டியா" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

"நாளையோட முடியுது மல்லிகா" என்றேன்.

"தெரியும். நோட்டீஸ் ஒட்டிகீறாங்க."

"தெனமும் உனக்காக வேண்டிக்கிறேன். தொறக்கறதுக்கு முன்னாடி."

சொல்லியிருக்கக்கூடாது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டிருப்பேன்.

"அதான் அவ்ளோ நேரமா?" என்றாள்.

"எது?"

"மூணு தட்டு இங்க வரிக்கும் கேக்கும்ணே. உன் சாமி பாட்டு கேக்காது. தட்டு கேட்டதும் ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வெச்சிக்குவேன். ஆவி சத்தம் வந்து அடங்கற வரிக்கும் எறக்க மாட்டேன். இங்க வராதுன்னு தெரியும். தெரிஞ்சி இன்னா? காலு கேக்கமாட்டுது." தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "முன்னல்லாம் ஒரு நிமிசத்துல முடிச்சிடுவ. இப்ப நீட்டி நீட்டி சொல்லிகினு கீற. நான் இங்க உசுர கையில புடிச்சிகினு கீறேன். தெனமும்."

கேட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் எழுந்து, ஒரு கையால் தடியை ஊன்றி, சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

இதுதான் தம்பிகளே. உங்கள் கோபத்தைக் கடவுளிடம் கொண்டுபோகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் போக்கிடம் அவர் ஒருவர்தான், இன்றைக்கும். ஆனால் என் செபத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பதினோரு வருஷமும் நான் அதைத் தெரிந்துகொள்ளவில்லை. நான் அவளைக் கேட்டிருக்கலாம். கேட் நூறு அடி தூரம்.

கடைசி நாள் காலை பத்து மணிக்கு ஸ்பேனரைக் குழாய்மேல் வைத்துவிட்டு, முதலில் கேட்டுக்கு நடந்தேன்.

"மல்லிகா, இப்பப் போய்த் தட்டப்போறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தடியைச் சுவரில் சாய்த்தாள். இரண்டு கையாலும் இடது காலைப் பிடித்து நாற்காலிமேல் தூக்கி வைத்தாள். பிறகு வலது கால்.

"சீக்கிரம் சொல்லிட்டுத் தொற" என்றாள்.

திரும்பிப் போய்த் தொட்டியைப் பார்த்தேன். ஆளில்லை. மூன்று தட்டு தட்டினேன். ஒரே ஒரு செபம். வாய்விட்டு, எவ்வளவு வேகமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வேகமாகச் சொன்னேன்.